பாரசீகப் பணச்சொற்களும் நமது பட்டியல் படிப்பும்

சென்ற ரமழானுக்கு முந்திய வாரத்தில் ஒரு மாலை, அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் திண்ணையில் நாம் அமர்ந்திருந்தபோது, உறவுக்கார இளைஞர் ஒருவர் கையில் நோட்டுப் புத்தகத்துடன் வந்து அருகில் அமர்ந்தார். துபாயில் ஈரானிய வணிகர்கள் மிகுதியாக வந்து போகும் ஒரு கடையில் அவருக்குக் கணக்கெழுதும் வேலை கிடைத்திருந்தது. புறப்படுவதற்குள் பாரசீகத்தில் பணம், வங்கி, கொடுக்கல் வாங்கல் பற்றிய சொற்களைப் படித்து வந்தால் நலம் என்று முதலாளி சொல்லியனுப்பினாராம். எங்கோ கிடைத்த ஒரு கைந்நூலிலிருந்து நூற்றுக்கு மேற்பட்ட சொற்களைப் பெயர்த்தெழுதியிருந்தார். இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் தமிழெழுத்தில் பாரசீகம். "மாமா, புத்தகத்தை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், நான் ஒப்பிக்கிறேன்" என்றார். பணம், பூல். கணக்கு, ஹெஸாப். கடன், வாம். சேமிப்பு, பஸ்-அந்தாஸ். முதல், ஸர்மாயெ. வட்டி, ஸூத். தங்கு தடையின்றி ஓடியது.

உள்ளபடியே மகிழ்ந்தோம். ஆயினும் பழக்க தோஷத்தால் ஒரு வினாவைத் தொடுத்தோம். "தம்பி, வட்டிக்கு ஸூத் என்றாய். இலாபத்திற்கு என்ன சொல்?" அவர் சற்றே திகைத்துப் பக்கத்தைப் புரட்டச் சொன்னார். இரண்டு பக்கம் தள்ளி, இலாபம் என்பதற்கு நேராகவும் ஸூத் என்றே எழுதியிருந்தது. "அச்சுப் பிழையாக இருக்கும் மாமா" என்றார்.

அச்சுப் பிழை அன்று. அந்த ஒரு சொல்லுக்குள் ஈரானியரின் வங்கிச் சட்டமும், வடநாட்டு முஸ்லிம்களின் ஜும்ஆப் பிரசங்கமும், நம் ஊர்க் கடைவீதியின் கள்ளத்தனமும் ஒருங்கே அடங்கிக் கிடக்கின்றன. அதை அச்சுப் பிழையெனத் தள்ளிவிட்டு விமானம் ஏறும் நிலையில் நம் பிள்ளைகளை யார் வைத்தார்கள்? நாம்தாம் வைத்தோம். ஆகவே இந்தக் கட்டுரையின் கண்டனம் அந்த இளைஞரை நோக்கியதன்று. அவருக்குப் பட்டியலைக் கொடுத்த நம்மை நோக்கியது.

பாரசீகம் கற்பதென்றாலே நம்மிடையே முதலில் எழும் குரல், "அரபு தெரிந்தால் போதாதா?" என்பது. பாரசீகக் கணக்குச் சொற்களில் பெரும்பாலானவை அரபுதானே, மதரஸாவில் ஏழாண்டு ஓதியவருக்கு இவை தண்ணீர் பட்ட பாடு ஆயிற்றே என்று சில ஆலிம் பெருமக்களே கூறக் கேட்டிருக்கிறோம். அவர்கள்பால் நாம் கொண்ட மதிப்புச் சிறிதும் குறையாமல் இதை மறுக்கிறோம். அரபுச் சொல் பாரசீகத்துள் குடியேறிய பின் அது அந்த வீட்டுப் பிள்ளையாகிவிடுகிறது. 'வஜ்ஹ்' என்றால் அரபில் முகம். ஒரு மௌலவி ஈரானிய விலைச்சீட்டொன்றில் 'வஜ்ஹெ நக்த்' என்பதைக் கண்டால் முகத்தையும் ரொக்கத்தையும் எவ்வாறு சேர்ப்பார்? பாரசீகத்தில் வஜ்ஹ் என்பது பணத்தொகை. வஜ்ஹெ நக்த் என்பது கைரொக்கம். 'இஃதிபார்' என்றால் அரபில் கருதிப் பார்த்தல், படிப்பினை பெறுதல். பாரசீக வங்கியில் அது 'எஃதெபார்'. நம்பிக்கையின்பேரில் தரப்படும் கடன்வசதிக்குப் பெயர். 'கிஸ்த்' என்பது திருமறையில் நீதியைக் குறிக்கும் சொல். ஈரானியர் வீட்டுக்கடன் தவணையைக் 'கெஸ்த்' என்கிறார்கள். நம் தாத்தாமார் நிலத்தீர்வையின் தவணையைக் 'கிஸ்தி' என்றார்கள். நீதியிலிருந்து பங்கு, பங்கிலிருந்து தவணை, தவணையிலிருந்து வரி எனச் சொல் நடந்த வழியைக் காட்டாமல், அகராதிப் பொருளை மட்டும் கையில் கொடுப்பது பயணிக்கு ஊர்ப்பெயரைச் சொல்லிவிட்டு வழியைச் சொல்லாத கதை.

இன்னும் ஒன்று. 'வுஸூல்' என்றால் அரபில் சென்று சேர்தல். நம் சூஃபியாக்கள் இறைவனை அடைதலுக்கு இச்சொல்லை ஆண்டார்கள். பாரசீகக் கணக்கர் கையில் அது பணம் வந்து சேர்தல் ஆயிற்று. இன்றும் ஈரானிய வங்கியில் காசோலையை மாற்றிப் பணமாக்குதல் 'வொஸூல்' எனவே வழங்கும். நம் தமிழில் அது 'வசூல்'. ஞானியர் வீட்டில் பிறந்த சொல் வசூல்காரர் வீட்டில் வந்து முடிந்திருப்பதை எண்ணிச் சிரிப்பதா, வருந்துவதா?

அடுத்த கூட்டத்தார் தற்பெருமைக்காரர்கள். மீலாது மேடைகளில் ஆண்டுதோறும் ஒருவராவது எழுந்து, "ஐரோப்பியருக்குச் செக் எழுதக் கற்பித்தவர் நாம், 'செக்' என்பதே நம் 'ஸக்' தான்" என்று முழங்குவார், கரவொலி வானைப் பிளக்கும். 'ஸக்' என்பது அரபில் எழுத்துப் பத்திரம். அது பழம் பாரசீகச் 'சக்' என்பதிலிருந்து வந்ததாகச் சொல்லாராய்ச்சியாளர் கருதுவர். ஆனால் ஆங்கிலத்துச் 'செக்' என்பது அதன் நேர் வாரிசு என்பதற்கு உறுதியான சான்று இல்லை. சதுரங்கத்தில் அரசனை மறித்து 'ஷாஹ்' என்று கூவும் பாரசீகச் சொல், பிரெஞ்சு வழியாகச் சென்று, தடுத்தல், சரிபார்த்தல் என்னும் பொருள்களைப் பெற்று, மோசடியைச் சரிபார்க்க உதவும் சீட்டின் பெயராயிற்று என்பதே ஆங்கில அகராதியாளர் ஏற்கும் வரலாறு. இதிலும் பாரசீகத்திற்குப் பங்குண்டு. ஆனால் மேடையில் முழங்கிய வழியில் இல்லை.

மேலும், கொடுத்ததை மட்டும் எண்ணுவோர் வாங்கியதை ஏன் எண்ணுவதில்லை? ஈரானியர் வங்கியை 'பாங்க்' என்றே ஐரோப்பியரிடம் கடன் வாங்கிச் சொல்கிறார்கள். காகித நாணயத்திற்கு 'எஸ்கெனாஸ்' என்பது அவர்களது சொல். ஏதோ பழம்பெரும் பாரசீகம் போல ஒலிக்கும் இது, ஐரோப்பியக் காகிதப் பணத்தின் பெயர் ரஷ்ய நாட்டுவழி வந்து திரிந்தது. 'ரியால்' ஸ்பானிய நாணயத்தின் பெயர். 'தூமான்' துருக்கிய, மங்கோலியச் சொல். பதினாயிரம் என்று பொருள். 'பூல்' என்பதைக் கூடக் கிரேக்கச் சிறுகாசின் பெயரோடு இணைத்துச் சொல்வர். உலகத்துச் சந்தைகளெல்லாம் வந்து மோதிய கரையில் நின்ற மொழி அது. அதன் பணச்சொற்களுள் எதையும் எந்த ஒரு சமுதாயமும் தன் குடும்பச் சொத்தென மார்தட்ட இயலாது.

பாரசீகம் நமக்கு அந்நியம், ஆகவே தேவையில்லை என்போருக்கும் ஒரு சொல். அவர்கள் காலையில் எழுந்து கடைக்குச் சென்று தராசில் நிறுத்துச் சாமான் வாங்கி ரசீது பெற்று வீடு திரும்புகிறார்கள். தராசு பாரசீகத்துத் 'தராஸூ'. ரசீது என்பது பாரசீகத்தில் ஒரு வினைமுற்று. 'வந்து சேர்ந்தது' என்று பொருள். பணம் வந்து சேர்ந்தது என்று எழுதிக் கொடுத்த சீட்டுக்கு அந்த வினையே பெயராகி நின்றுவிட்டது. தஸ்தாவேஜு என்பதில் 'தஸ்த்' என்றால் கை. பற்றித் தொங்கக் கைக்குக் கிடைத்த ஆதாரம் என்பது அதன் உட்பொருள். குமாஸ்தா என்றால் நியமிக்கப்பட்டவர். சராசரி என்பது தலையிலிருந்து தலைவரை. தாசில்தார், மிராசுதார், ஜமீன்தார் ஆகியோர் பெயரின் ஈற்றில் நிற்கும் 'தார்' என்பது வைத்திருப்பவர் எனப் பொருள்படும் பாரசீகம். ஜமீன் என்பது நிலம். ஜாமீன் என்பது பிணை. முன்னது தூய பாரசீகம், பின்னது அரபிலிருந்து வந்தது. இரண்டிற்குமிடையே தமிழில் ஒரு கால் எழுத்துத்தான் வேறுபாடு. பிறருக்காக ஜாமீன் நின்று ஜமீனை இழந்த குடும்பங்கள் நம் ஊர்களில் எத்தனை என்பதை வாசகர்களே எண்ணிக்கொள்ளட்டும்.

ஆர்க்காட்டு நவாபுகளின் அரசாங்க மொழி பாரசீகமாய் இருந்ததும், கும்பினியார் அந்தக் கணக்குச் சொற்களை அப்படியே தம் வருவாய்த்துறைக்கு எடுத்துக்கொண்டதும் வரலாறு. 1837-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று கும்பினி ஆட்சியின் வழக்குமன்றங்களிலும் வருவாய் அலுவலகங்களிலும் பாரசீகத்தின் கட்டாயத்தை நீக்க வழி செய்தது. ஆனால் சொற்கள் வேலையை விட்டு விலகவில்லை. இன்றைக்கும் தமிழ்நாட்டு வட்டாட்சியர் அலுவலகங்களில் ஆண்டுதோறும் ஜமாபந்தி நடைபெறுகிறது. அது பசலி ஆண்டைக் கொண்டே கணக்கிடப்படுகிறது. 2025 ஜூலையில் பிறந்தது 1435-ஆம் பசலி. கிராமத்தார் மனுவோடு சென்று வரிசையில் நிற்கிறார்கள். ஜமாபந்தி என்றால் என்னவென்று கேட்டால் அலுவலரும் சொல்லார், மனுதாரரும் சொல்லார். வரவை ஒன்றுசேர்த்துக் கட்டுதல் என்பதே அச்சொல்.

இவற்றையெல்லாம் தமிழில் நிலைநிறுத்த வேண்டுமென நாம் வாதாடுவதாக யாரும் எண்ணிவிட வேண்டா. ஈழத்துத் தமிழர் ரசீதைப் பற்றுச்சீட்டு என்கிறார்கள், அழகிய சொல். கடன், முதல், ஈடு, அடகு, ஒற்றி, வட்டி எனத் தமிழுக்குத் தன் சொந்தப் பெட்டகமே நிறைந்திருக்கிறது. பேச்சில் எதை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் பழைய பத்திரத்தில் எழுதிக் கிடப்பதை மாற்ற முடியாது. தர்காக்களுக்கும் பள்ளிவாசல்களுக்கும் நவாபுகள் வழங்கிய இனாம்களின் சன்னதுகள் பாரசீகத்தில் எழுதப்பட்டவை. அத்தகைய தாள்கள் சில வீட்டுப் பெட்டிகளில் தாயத்துப்போலப் பட்டுத்துணியில் சுற்றப்பட்டிருக்கின்றன. பெருநாளன்று எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள். படிக்கத் தெரிந்தவர் இல்லை. எந்த நிலம், எவ்வளவு, யாருக்கு, எந்த நிபந்தனையில் என்று அதில் எழுதியிருப்பதை அறியாமல் அதை முத்தமிட்டு என்ன பயன்? ஹதீஸ் கலையில் 'ஸனது' என்றால் அறிவிப்பாளர் தொடர். அந்தத் தொடர் அறுந்தால் செய்தி பலவீனம் என்று ஓதிக்கொடுக்கும் நாம், சொத்தின் ஸனதைப் படிக்க ஒருவரையும் வளர்க்காமல் தொடரை அறுத்துவிட்டோம்.

இனிப் பட்டியல்காரர்களிடம் வருவோம். இவர்களே இன்று பெருகியிருப்பவர்கள். பத்து நாளில் பாரசீகம், நூறு சொல்லில் வணிகம் என்று விற்கிறார்கள். ஒரு சொல்லுக்கு ஒரு சொல் எனத் தராசுத் தட்டில் வைப்பதே இவர்கள் கல்வி. அதனால் நேர்வது என்னவென்று, முன்னரே வளைகுடா சென்று திரும்பிய மற்றோர் உறவினர் நம்மிடம் கூறியதைக் கேளுங்கள். ஈரானியக் கடையொன்றில் விலை கேட்டாராம். கடைக்காரர் நெஞ்சில் கை வைத்து, "காபெலீ நதாரெ" என்றாராம். இவர் பட்டியலில் அதற்கு, 'ஒன்றும் பெறாது' என்று பொருள் எழுதியிருந்தது. நம்மவர் மனமுவந்து துஆச் செய்துவிட்டுப் பொருளோடு வாசலைத் தாண்டியிருக்கிறார்! கடைக்காரர் பின்னாலேயே ஓடிவந்தாராம். தங்கள் தகுதிக்கு இது ஒரு பொருட்டன்று என்று விற்பவர் உபசாரமாகச் சொல்வதும், வாங்குபவர் மறுத்து விலையை வற்புறுத்திக் கேட்பதும், பிறகே தொகை வாயில் வருவதும் அந்நாட்டு முறை. 'தஆரொஃப்' என்பது அந்த உபசாரத்தின் பெயர். பணச்சொல் அகராதியில் முதற்பக்கத்தில் இருக்க வேண்டிய இச்சொல்லை அந்தக் கைந்நூல் எங்கும் கூறவில்லை.

தூமான் செய்தி இதனினும் கடுமை. ஈரானின் காகித நாணயத்தில் ரியால் என்று அச்சிட்டிருக்க, கடைவீதியில் மக்கள் பேசியது தூமான் கணக்கு. பத்து ரியால் ஒரு தூமான். 1930-களில் ரியால் வந்தபோது தூமான் ஏட்டளவில் விடைபெற்றது. வாய்மொழியில் தலைமுறை தலைமுறையாக ஆட்சி செய்தது. பட்டியலில் 'நாணயம், ரியால்' என்று மட்டும் படித்துச் சென்ற கணக்கெழுத்தர், ஒருவர் வாயால் சொன்ன தொகையைக் காதால் கேட்டு அப்படியே ஏட்டில் எழுதினால், பத்தில் ஒரு பங்குதான் எழுதியிருப்பார். எஞ்சிய ஒன்பது பங்குக்கு யார் பொறுப்பு?

இவ்வளவும் கைந்நூலின் குறை. ஆனால் அந்த மொழியின் கணக்கேட்டில் மனத்தை நிறுத்தும் சொற்கள் இல்லாமலில்லை. கடன்பட்டவரைப் 'பெதெஹ்கார்' என்கிறார்கள். 'பெதெஹ்' என்றால் 'கொடு' என்னும் ஏவல். கடன் கொடுத்தவர் 'பெஸ்தான்கார்'. 'பெஸ்தான்' என்றால் 'வாங்கிக்கொள்'. ஏட்டின் ஒரு பக்கத்தில் 'கொடு, கொடு' என்று ஒரு குரலும், மறுபக்கத்தில் 'வாங்கு, வாங்கு' என்று ஒரு குரலும் ஓயாமல் ஒலித்துக்கொண்டிருக்கின்றன. கடன்பட்டான் நெஞ்சுக்கு அந்த ஏவலின் ஒலி இரவிலும் கேட்கும். சேமிப்பைக் குறிக்கும் 'பஸ்-அந்தாஸ்' என்பது பின்னே எறிதல்; செலவுக்கு முன்னே ஓடும் கையை மடக்கி, கொஞ்சத்தை முதுகுக்குப் பின்னால் போட்டு வைத்தல். வைப்புத்தொகை 'ஸெபோர்தெ', அதாவது ஒப்படைக்கப்பட்டது. நாம் அமானத் என்போமே, அதே எண்ணம். முதலை 'ஸர்மாயெ' என்கிறார்கள். 'ஸர்' என்றால் தலை. அரபிலும் அது 'ரஃஸுல் மால்', செல்வத்தின் தலை. தமிழன் அதை 'முதல்' என்றான். தலைக்கும் முதலுக்கும் தூரமில்லை.

ஸூத் என்னும் சொல்லை விட்ட இடத்தில் தொடர்வோம். பழம் பாரசீகத்தில் ஸூத் என்பது நன்மை, பயன், ஆதாயம். உருதுவுக்கு வந்தபோது அது குறுகி, கடனுக்கு வாங்கும் வட்டி என்றே பொருள்பட்டது. வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கத்து உருது பேசும் நம் சகோதரர்களிடம் 'ஸூத்' என்று சொல்லிப் பாருங்கள்; "தவ்பா" என்பார்கள். ஈரானிலோ, வட்டியைக் குறிக்கப் 'பஹ்ரே' என்னும் சொல் வங்கியில் வழங்கிவந்தது. பஹ்ரே என்றால் பங்கு, பேறு. 1979-இல் புரட்சிக்குப் பின் வங்கிகள் அரசுடைமையாயின. 1983-இல் ரிபா இல்லாத வங்கிமுறைக்கான சட்டம் நிறைவேறி மறு ஆண்டு நடைமுறைக்கு வந்தது. சட்டத்தின் நோக்கம் உயர்ந்தது. வைப்புத்தொகை இரண்டு வகையாயிற்று. ஒன்று 'கர்ஸொல் ஹஸனெ'. இலாபம் கிடையாது, முதல் திரும்பும். மற்றொன்று முதலீட்டு வைப்பு. வங்கி வைப்பாளரின் வகீலாக நின்று, முழாரபா, முஷாரகா, தவணை விற்பனை முதலிய ஒப்பந்தங்களில் பணத்தை ஈடுபடுத்தி, வரும் இலாபத்தைப் பகிர வேண்டும்.

ஆனால் நடந்தது என்ன? பஹ்ரே என்னும் சொல் வங்கியின் முகப்பிலிருந்து மறைந்தது. அந்த இடத்தில் ஸூத் வந்து அமர்ந்தது. ஆண்டிறுதிக்கு முன்பே, இலாபம் வருமா வராதா என்று தெரியுமுன்பே, 'ஸூதெ அலல் ஹெஸாப்' என்று, கணக்கின்பேரில் முன்கூட்டித் தரும் இலாபமெனப் பெயரிட்டு, இத்தனை விழுக்காடு என்று அறிவிக்கும் வழக்கம் வந்தது. தவணை தவறினால் கூடுதல் தொகை. அதற்கும் வேறு பெயர். அந்நாட்டு மூத்த மார்க்க அறிஞர்களே இந்தத் தாமதத் தொகையை ரிபாவென வெளிப்படையாகக் கண்டித்திருக்கிறார்கள். இதைச் சொல்வதால் அங்கு நடப்பது முழுவதும் பொய்யென நாம் தீர்ப்புக் கூறவில்லை. உண்மையான கூட்டு முதலீடும் உண்டு, உண்மையான கர்ழே ஹஸனாவும் உண்டு. ஆனால் ஸூத் என்ற ஒரே சொல் சென்னையில் ஹராமாகவும் தெஹ்ரானில் ஹலாலாகவும் நிற்கும்போது, சொல்லை மட்டும் மனப்பாடம் செய்தவன் எதைக் கொண்டு தீர்மானிப்பான்? சொல்லின் பின்னால் இருக்கும் ஒப்பந்தத்தைப் பார்த்தல்லவா தீர்மானிக்க வேண்டும்? நட்டம் வந்தால் யார் ஏற்பது, சரக்கு யார் கையில் இருந்தது, முதலுக்கு உறுதி கூறப்பட்டதா என்று கேட்கத் தெரியாதவனுக்குப் பாரசீகமும் ஒன்றுதான், தமிழும் ஒன்றுதான்.

புனிதப் பெயர் பணத்தைத் தூய்மையாக்கிவிடும் என்று நம்பியவர்கள் முன்னரும் இருந்தார்கள். 1294-ஆம் ஆண்டு, ஈரானை ஆண்ட மங்கோலிய இல்கான் கைகாத்துவின் கஜானா வற்றிப்போயிற்று. அவருடைய அமைச்சர் ஸத்ருத்தீன் ஸன்ஜானீ, சீனத்து முறையைப் பின்பற்றிக் காகிதப் பணம் வெளியிட யோசனை கூறினார். தப்ரேஸ் நகரில் அது வெளியாயிற்று. சீனப்பெயராலேயே அதைச் 'சாவ்' என்றனர். தாளில் சீன எழுத்துகள் இருந்தன. அவற்றோடு கலிமாவும் பொறிக்கப்பட்டிருந்தது! ஏற்க மறுப்போருக்கு மரணதண்டனை என்றும் அறிவித்தார்கள். கலிமாவைக் கண்டு கடைக்காரன் சரக்கைக் கொடுத்தானா? கொடுக்கவில்லை. கடைகள் அடைக்கப்பட்டன; அங்காடி வெறிச்சோடியது; உணவுக்கு வழியின்றி மக்கள் கொதித்தெழுந்தார்கள். ஏறத்தாழ இரண்டு திங்களில் அந்தத் தாள் திரும்பப் பெறப்பட்டது. தப்ரேஸ் வணிகர்கள் முஸ்லிம்களே. கலிமாவை அவமதித்தவர்கள் அல்லர். அதைத் தாளில் அச்சிட்டுத் தங்களிடமிருந்து வெள்ளியைக் கறக்க வந்தவனை அடையாளம் கண்டுகொண்டார்கள்.

நாம் அந்த வணிகர்களின் பக்கத்தில் நிற்கிறோமா, ஸத்ருத்தீன் பக்கத்தில் நிற்கிறோமா? நெஞ்சில் கைவைத்துச் சொல்வோம். திருமணப் பேச்சில் மாப்பிள்ளை வீட்டார் கேட்கும் தொகையைக் கைக்கூலி என்றோம். உலமாக்கள் கண்டித்தபின் அன்பளிப்பு என்றோம். சீர் என்றோம், பெண்ணுக்கு அவள் வாப்பா போடுவது என்றோம். தொகை குறைந்ததா? மஹர் என்னும் கடமையை ஜமாஅத் பதிவேட்டில் ஒரு சிறு தொகையாக எழுதிவிட்டு, மறுபக்கம் இலட்சங்களைக் கைமாற்றிய நிக்காஹ்களில் பிரியாணி உண்டு திரும்பியவர்கள் நாம். ஈரானில் மாப்பிள்ளை வீட்டார் பெண்ணின் பெற்றோருக்குத் தரும் ஒரு தொகைக்குப் பாலின் விலை எனப் பொருள்படும் 'ஷீர்பஹா' என்று பெயர். அதுவும் குறையுள்ள வழக்கமே. ஆயினும் பணம் போகும் திசையைக் கவனியுங்கள்.

கடைவீதியைப் பாருங்கள். வட்டி என்றால் முகம் சுளிக்கும் நம்மிடம், 'இலாபப் பங்கு' என்று சொல்லி மாதந்தோறும் மாறாத தொகை தருவதாக வாக்களித்துப் பணம் திரட்டியவர்கள் எத்தனை பேர்! வியாபாரத்தில் இலாபம் மாதந்தோறும் ஒரே தொகையாக வருமா என்று ஒரு சிறுவன் கேட்டிருப்பான். நாம் கேட்கவில்லை. 'ஹலால்' என்று பலகையில் எழுதியிருந்ததே போதுமென்று, பெண்மக்களின் நகையை விற்றுக் கொண்டுபோய்க் கொடுத்தோம். பலகை மறைந்தது, பணமும் மறைந்தது. அவர்களை மட்டும் ஏசிப் பயனில்லை. சொல்லைக் கண்டு மயங்கும் பழக்கத்தை நம் கல்வியே ஊட்டியிருக்கிறது. எழுத்துக்கூட்டி ஓதவும், பொருளறியாமல் ஒப்பிக்கவும் பழகிய நாக்கு, கடன் பத்திரத்தையும் அவ்வாறே ஒப்பிக்கிறது.

திருமறையின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது என்று நம் பிள்ளைகளிடம் கேட்டுப்பாருங்கள். பகரா அத்தியாயத்து 282-ஆம் வசனம் அது. பேசுவது கடனை எழுதி வைத்தல் பற்றி. நீதியோடு எழுதும் எழுத்தர் வேண்டும், சாட்சிகள் வேண்டும் என்பதோடு, வாசகத்தைச் சொல்ல வேண்டியவர் கடன்பட்டவரே என்றும் அது விதிக்கிறது. கொடுத்தவர் சொல்ல, வாங்கியவர் தலையாட்டுவதை அது ஏற்கவில்லை. கடனாளியின் வாயிலிருந்தே சொல் வர வேண்டும். அவரால் இயலாவிடில் அவருடைய பொறுப்பாளர் நீதியோடு சொல்ல வேண்டும். இந்தக் கட்டளையின் முன் இன்றைய நிலையை வைத்துப் பாருங்கள். நகைக்கடனுக்குச் செல்லும் நம் தாய்மார் எந்த மொழியில் அச்சிட்ட தாளில் கையெழுத்திடுகிறார்கள்? வளைகுடாவில் நம் பிள்ளைகள் 'ஸாமென்' என்ற இடத்துக்கு நேரே, சாட்சிதானே என்று நண்பனுக்காகப் பெயரெழுதித் தருகிறார்கள். அது சாட்சியன்று, பிணை. அவன் கட்டாவிட்டால் நீ கட்டு என்பது.

முன்னோர் இவ்வாறு இருக்கவில்லை. பாரசீகப் பயணி நாஸிரெ குஸ்ரோ 1051-ஆம் ஆண்டளவில் பஸராவை அடைந்தபோது கண்டதைத் தம் பயண நூலில் எழுதி வைத்துள்ளார். அந்நகரத்து அங்காடியில் வணிகர்கள் தம் பணத்தை ஸர்ராஃபிடம் கொடுத்துச் சீட்டுப் பெற்றுக்கொண்டார்கள். வேண்டியதை வாங்கி, விலையை அந்த ஸர்ராஃபின் பேரில் எழுதித் தந்தார்கள். நகரத்தில் இருக்கும்வரை அச்சீட்டன்றி வேறொன்றும் அவர்கள் கையில் புழங்கவில்லை. அவர் அஸ்வானிலிருந்து செங்கடல் துறைமுகமான அய்தாபுக்குப் புறப்பட்டபோது, அஸ்வான் நண்பர் ஒருவர், நாஸிர் கேட்பதைக் கொடுத்துக் கணக்கில் எழுதிக்கொள்ளுமாறு அங்கிருந்த தம் முகவருக்குக் கடிதம் எழுதித் தந்தார். கையில் காசின்றித் தவித்த நாளில் அந்தக் கடிதம் அவருக்கு உதவிற்று. எழுதியவருக்கும் வாசித்தவருக்கும் ஒரே பொருள் புலப்பட்டதால்தான் அந்தத் தாள் பணத்தின் வேலையைச் செய்தது.

ஆகவே நம் கோரிக்கை பெரிதன்று. சென்னைப் பல்கலைக்கழகத்தில் அரபு, பாரசீகம், உருது ஆகியவற்றுக்கென்று ஒரு துறை இருக்கிறது. அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் பாரசீகக் கையெழுத்துப் படிகள் இருக்கின்றன. ஊருக்கு ஒருவரையாவது அங்கே அனுப்பிப் பழக்கும் செலவை, ஒரு வலீமா விருந்தின் செலவில் பாதியைக் கொண்டு ஜமாஅத்துகள் ஏற்கலாம். மதரஸாக்களில் முழாரபாவையும் ஸர்ஃபையும் ஃபிக்ஹு நூலில் ஓதும் மாணவருக்கு, ஓர் உண்மையான வங்கிப் படிவத்தைக் கையில் கொடுத்து, இதில் எந்த வரி எந்த ஒப்பந்தம் என்று கேட்கலாம். வீட்டுப் பெட்டியில் பட்டுத்துணியில் சுற்றிய தாள் இருப்பின், முத்தமிட்டபின் படிக்கத் தெரிந்தவரிடம் ஒருமுறை காட்டலாம்.

அந்த இளைஞருக்குப் புறப்பட இன்னும் மூன்று வாரம் இருந்தது. நோட்டுப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்து, நூறு சொல்லையும் அடித்துவிடச் சொல்லவில்லை; நாளுக்கு ஐந்து சொல் போதுமென்றோம். ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்றாவதாக ஒரு பத்தி வரைந்து, இச்சொல்லைச் சொன்னால் யார் யாருக்கு என்ன கொடுக்கக் கடமைப்படுகிறார் என்று தமிழில் எழுதிவரச் சொன்னோம். மறுநாள் அஸருக்கு வந்தார். பெதெஹ்கார், பெஸ்தான்கார், ஸாமென், ரஸீத் ஆகிய நான்குக்கும் எழுதியிருந்தார். ஸூதுக்கு எதிரே இடத்தை வெறுமையாக விட்டு, "அதை அங்கே போய்க் கடையில் கேட்டுவிட்டு எழுதுகிறேன் மாமா" என்றார்.